அம்மாவுக்குச் சுகமில்லாத மழைக்காலம்

ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். உங்கள் அம்மா சும்மா உட்கார்ந்திருந்து நீங்கள் பார்த்ததுண்டா? கீரை ஆய்ந்துகொண்டோ, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டோ, உங்கள் தலையில் பேன் பார்த்துக்கொண்டோ உட்கார்ந்ததைக் கேட்கவில்லை. இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, வாசலில் விழும் மழையைப் பார்த்தபடி, சும்மா. யோசித்துச் சொல்லுங்கள். அவசரமில்லை. பேரப்பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டிவரும் நேரம் வரை நமக்கு வேறு என்ன வேலை?

நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு வருஷக் கடைசியில், பள்ளிக்கூட லீவில், மழை விடாமல் பெய்த சில வாரங்கள். அந்த நாட்களுக்கு எங்கள் வீட்டில் ஒரு பெயர் உண்டு. 'அம்மாவுக்குச் சுகமில்லாதப்ப' என்போம். அம்மாவும் அப்படித்தான் சொல்வார். அந்தப் பெயர் தப்பு என்று சொல்ல எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறது. கேட்க வேண்டிய ஆட்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் பழைய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. இப்போது அங்கே ஒரு ரப்பர் மரம் கிடையாது, எல்லாம் செம்பனை. அம்மா பால்மரம் வெட்டினார், பட்டையில் கோடு கீறி ரப்பர் பால் எடுக்கிற வேலை. அப்பாவுக்கு ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தில் வேலை. அம்மாவின் தலைமுடியில் பால் நாற்றம், அப்பாவின் சட்டையில் புகை நாற்றம். தம்பியும் நானும் அந்த இரண்டு நாற்றத்துக்கும் நடுவில் படுத்துத் தூங்குவோம்.

விடிவதற்கு முன்பே அம்மா கிளம்பிவிடுவார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு என்னைக் குலுக்கி எழுப்புவார். வெளிச்சம் என் கண்ணில் நேராக அடிக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் முகம் தெரியாது. "பாப்பா, தம்பிய எழுப்பிப் பசியாற வச்சிடு. நான் வாரேன். சீக்கிரம் எந்திரி." இருட்டுதான் என்னிடம் பேசும். அந்த இருட்டிலேயே எனக்குத் தலை சீவிப் பின்னலும் போட்டுவிடுவார். இழுக்கிற இழுப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். 'சீக்கிரம்' என்கிற சொல்லைச் சொல்லாமல் அம்மா ஒரு வாக்கியம் பேசியதாக எனக்கு நினைவில்லை. சீக்கிரம் தின்னு, சீக்கிரம் குளி, சீக்கிரம் தூங்கு.

அம்மாவைக் குறை சொல்லவில்லை. பெரட்டில், அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், நேரத்துக்குப் போய் நிற்காவிட்டால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். வெயில் ஏறிவிட்டால் மரம் பால் கொடுக்காது. மரத்தின் அவசரம் அம்மாவின் கையில் ஏறி, அம்மாவின் கையிலிருந்து என் பின்னலுக்கு வந்துவிடும். அவ்வளவுதான் சங்கதி.

மழை பெய்தால் மட்டும் வேலை இல்லை. பட்டை நனைந்திருந்தால் வெட்டிய கோட்டில் நிற்காமல் பால் மரமெல்லாம் வழிந்து வீணாகிவிடும். பெரட்டில் மண்டோர் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "இன்னிக்கி இல்ல, போங்க" என்பார். பெரியவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். மழை நாளில் அம்மா எங்களோடு இருப்பார் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம் என்றா நினைக்கிறீர்கள்? அதுவும் இல்லை. மழை நாளில் அம்மாவுக்கு இன்னும் வேலை அதிகம். சேர்த்து வைத்த துணி, ஒழுகும் கூரை, அடுப்படிக் கரி. எங்கள் மேல் தடுக்கி விழாத குறையாக ஓடிக்கொண்டிருப்பார்.

அந்த வருஷம் ஒரு மழைக் காலையில் அடுப்பு பற்றவில்லை. விறகு முழுக்க ஈரம். அம்மா ஊதி ஊதிப் பார்த்தார். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். நானும் தம்பியும் பக்கத்தில் ரப்பர் கொட்டை விளையாடிக்கொண்டிருந்தோம். ஒரு பழைய பிஸ்கட் டின் நிறையக் கொட்டை வைத்திருந்தோம், பளபளவென்று, சிறுத்தைக்குட்டியின் தோல்போல் புள்ளி போட்டவை. அம்மா ஏதாவது சொல்லப்போகிறார் என்று நான் டின்னை மூடினேன்.

அம்மா கையை நீட்டி ஒரு கொட்டையை எடுத்தார். சிமெண்ட் படியில் தேய்க்க ஆரம்பித்தார். நமக்கெல்லாம் தெரிந்ததுதானே, தேய்க்கத் தேய்க்கக் கொட்டை நெருப்பாகக் கொதிக்கும். பார்க்காத நேரத்தில் அடுத்தவன் தொடையில் வைத்துவிட்டு ஓடுவோம். ஆனால் இது அம்மாவுக்கும் தெரியும் என்று எனக்குத் தெரியாது. மழையைப் பார்த்தபடியே தேய்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று குனிந்து என் கெண்டைக்காலில் வைத்துவிட்டார்.

நான் துள்ளி எழுந்தேன். அம்மா சிரித்தார். சத்தமாக, வாயை மூடாமல். மேல் வரிசையில் ஓரத்தில் ஒரு பல் இல்லை என்பதை அன்றுதான் பார்த்தேன். தம்பி என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், பிறகு அவனும் ஒரு கொட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். அன்று எங்கள் வீட்டில் மத்தியானம் வரை அடுப்பு எரியவில்லை. பழைய சோற்றில் சீனி போட்டுத் தின்றோம்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மறுநாளும் மழை, அதற்கு மறுநாளும் மழை. அம்மா வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடுவார். எங்களை எதுவும் செய்யச் சொல்லவில்லை, கதை சொல்லவில்லை, புத்தி சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருப்பார். தம்பிக்கு விசில் அடிக்கத் தெரியும் என்று கண்டுபிடித்தார். "எப்படா கத்துக்கிட்ட?" என்று கேட்டு, திரும்பத் திரும்ப அடிக்கச் சொன்னார். ஒருநாள் வெளிச்சத்தில் எனக்குத் தலை சீவினார். பாதியில் கை நின்றுவிட்டது. என் காதைப் பிடித்து மடக்கினார்.

"பாப்பா, காதுக்குப் பின்னால மச்சம் இருக்கு. இது எப்ப வந்துச்சு?"

"பொறந்ததுலருந்து இருக்குன்னு ஆயா சொன்னாங்கம்மா."

அம்மா விரலால் அந்த மச்சத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். தினமும் எனக்குத் தலை சீவியவர்தான் அவர். இருட்டில் சீவினார்.

ஆயா என்றதும்தான் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய், தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். எங்களுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். பால்வெட்டப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுப்போவார்கள் அல்லவா, அங்கேதான் அவளும் தூளியில் கிடந்து வளர்ந்தாள். ஒருநாள் அம்மா பிள்ளையை வாங்க அவசரமாகப் போனபோது ஆயா, "ஒம் மக நேத்தே நடந்துட்டா, தெரியுமா? இந்த மூலையிலருந்து அந்த மூலைக்கு" என்றார். அம்மா, "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அந்த மழைக்குச் சில மாதம் முன்னால், மரம் இலை கொட்டுகிற மாதத்தில் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு போய்விட்டாள். அடக்கம் முடிந்த கையோடு அம்மா வேலைக்குத் திரும்பினார். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. தைரியமான பொம்பளை என்றார்கள்.

தைரியமாக வேலைக்குப் போனபோது சுகமாக இருந்தவர், படியில் உட்கார்ந்து மீதிப் பிள்ளைகளைப் பார்த்தபோது சுகமில்லாதவர் ஆகிவிட்டார்.

மழை இல்லாத ஒரு காலை வந்தது. நல்ல நட்சத்திரம் தெரிந்த விடியல். அம்மா விளக்கைக் கட்டவில்லை. பெரட்டுக்குப் போகவில்லை. விடிந்ததும் எங்களை எழுப்பி, "ஆத்துக்குப் போலாமா?" என்றார். எதற்கு என்று தம்பி கேட்டான். "சும்மா" என்றார்.

தோட்டத்துக்குப் பின்னால் ஓடும் சின்ன ஆறு அது. மழையில் கலங்கி, பாலூற்றிய கோப்பி நிறத்தில் போனது. ஓரத்தில் முழங்கால் அளவு தண்ணீர். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். தம்பி டின் மூடியால் மீன்குஞ்சு பிடித்தான். பிடித்ததையெல்லாம் அம்மாவிடம் காட்டுவான், அம்மா பார்ப்பார், பிறகு விட்டுவிடுவான். நான் கல்லில் உட்கார்ந்து அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டை கடித்த தழும்பு அவ்வளவு இருந்தது. எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் நேரம் தெரியாமல் போன பகல் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பிறகு ஈப்போவில் பல் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் உட்கார்ந்து வேலைக்காலம் முழுக்க 'அடுத்தது, அடுத்தது' என்று கூப்பிட்டவள் நான்.

திரும்பி வந்தபோது உச்சி வெயில். பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வாளியோடு லயத்து வீடுகளுக்குத் திரும்பும் நேரம். அவர்களுக்கு எதிரே அம்மா வந்தார். இடுப்பு வரை ஈரம், தலைமுடி அவிழ்ந்து முதுகில் கிடக்கிறது, தம்பி ஏதோ சொல்ல அம்மா வாய்விட்டுச் சிரிக்கிறார். அந்தப் பெண்களில் என் பெரியம்மாவும் இருந்தார், அப்பாவுடைய அண்ணன் பெண்டாட்டி. வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். நாங்கள் வேதக்காரர்கள், வீட்டில் மாதா படம் வைத்திருப்பவர்கள்தான். ஆனால் உச்சி வேளையில் தலைவிரித்து ஆற்றங்கரையிலிருந்து சிரித்துக்கொண்டே வரும் பெண்ணைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பதில் எங்கள் லயத்துக்கும் இந்துக்கள் இருந்த அடுத்த லயத்துக்கும் வித்தியாசம் கிடையாது.

பெரியம்மா கெட்டவர் இல்லை. தங்கச்சி இறந்தபோது எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர். அன்று சாயங்காலம் உபதேசியாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சாமியார் ஈப்போவிலிருந்து எப்போதாவதுதான் பூசைக்கு வருவார், மற்ற நாளெல்லாம் செபம் சொல்ல எங்களுக்கு உபதேசியார்தான். அப்பா புகைக்கூடத்திலிருந்து வந்த சட்டையோடு சுவரில் சாய்ந்து நின்றார். என்னையும் தம்பியையும் அடுப்படிக்குப் போகச் சொன்னார்கள். பலகைச் சுவரில் என்ன மறைப்பு இருக்கிறது? எல்லாம் தெரிந்தது.

"என்னம்மா செய்யுது ஒனக்கு?" என்று உபதேசியார் மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு ஒன்னும் இல்லைங்க. புள்ளைங்களப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பாத்துக்கிட்டு இருக்கியா? வேலைக்குப் போவாம என்னத்தப் பாக்குற?" என்றார் பெரியம்மா.

"சும்மா பாக்குறேன்க்கா."

பெரியம்மா உபதேசியார் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா?" என்றார்.

அப்பா சுவரை விட்டு முன்னால் வந்தார். "எங்கக்காவும் இப்படித்தான் உபதேசியாரே. மொதல்ல சும்மா சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. நாங்க பேசாம இருந்துட்டோம். அப்புறம் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில கொண்டுபோய் விட்டோம். இன்னும் அங்கதான் இருக்கு. நான் போனா என்னையே யாருன்னு கேக்குது." சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். "இவளையும் என்னால அங்க விட முடியாது."

அப்பாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. அன்பில்லாமல் அப்பா அதைச் செய்திருந்தால் எனக்குக் கோபப்படவாவது ஓர் ஆள் கிடைத்திருப்பார்.

உபதேசியார் சொன்னார்: "செத்த புள்ள நெனப்பு உள்ளயே தங்கிடுச்சு. இந்த ரெண்டையும் பாக்கப் பாக்க அந்த நெனப்புதான் வரும். கொஞ்ச நாளைக்குப் புள்ளைங்கள வேற எடத்துல விடுங்க. வேலைல போட்டு மறக்கடிங்க. நவநாள் செபம் நான் வந்து சொல்றேன்."

அம்மா மறுத்துப் பேசவில்லை. அப்பாவுடைய அக்கா பேச்சு வந்ததிலிருந்து அவர் முகம் மாறிவிட்டதைப் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். அதுவரை தனக்கு ஒன்றும் இல்லை என்று இருந்தவருக்கு அப்போதுதான் தன்மேலேயே சந்தேகம் வந்தது. "எனக்கு அப்படியா இருக்கு?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தம்பியைப் பெரியம்மா வீட்டில் வைத்துக்கொண்டார்கள். என்னை ஆயர் தாவாரில் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ் நிற்கும் இடத்துக்கு அம்மாவும் வந்தார். அன்றும் தூறல். அப்பா, "சீக்கிரம் ஏறு, பஸ்ஸ நிப்பாட்ட மாட்டான்" என்றார். அம்மா என் காதை மடக்கி அந்த மச்சத்தைத் தொட்டுப் பார்த்தார். பஸ் நகர்ந்த பிறகு ஈரக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அப்பா முன்னால் நடக்க, அம்மா தலையைக் குனிந்தபடி வேகமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

அந்தக் கிறிஸ்மஸை நான் சித்தி வீட்டில் கழித்தேன். சித்தி புதுச் சட்டை தைத்துக் கொடுத்தார், பலகாரம் சுட்டார், என்மேல் பாவப்பட்டு ஆரஞ்சு சோடா வாங்கித் தந்தார். நான் ஒவ்வொரு நாளும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மழை அங்கேயும் பெய்யும், பெய்தால் பெரட்டில் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள், அம்மா படியில் உட்கார்ந்திருப்பார் என்று கணக்குப் போட்டேன். மழை நாளில் அம்மா சும்மா இருக்கக் கூடாது என்று அப்பா மண்டோரிடம் சொல்லி, ஸ்டோரில் மங்கு கழுவும் வேலைக்கு ஏற்பாடு செய்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். பால் பிடிக்கும் கோப்பைகளைத்தான் மங்கு என்போம். மலைமலையாகக் குவிந்திருக்கும்.

பள்ளிக்கூடம் திறக்கும்போது திரும்பி வந்தேன். விடிவதற்கு முன்பு விளக்கு என் கண்ணில் அடித்தது. "பாப்பா, எந்திரி. சீக்கிரம். தம்பிய எழுப்பு." பின்னலை இழுத்த இழுப்பில் தெரிந்துவிட்டது. அம்மாவுக்குச் சுகமாகிவிட்டது.

சாயங்காலம் பிஸ்கட் டின்னைத் தேடினேன். காணவில்லை. வேண்டாத நினைவெல்லாம் வீட்டில் எதற்கு என்று பெரியம்மா கொட்டைகளைச் சாக்கடைக் கானில் கொட்டிவிட்டார் என்றும், மழைத் தண்ணீரில் எல்லாம் மிதந்து போய்விட்டது என்றும் தம்பி சொன்னான். அவனும் விசில் அடிப்பதை விட்டிருந்தான். அடிக்கச் சொன்னால், "அம்மாவுக்கு ஆவாதாம்" என்றான். அடுத்த தடவை சாமியார் வந்தபோது அப்பா நன்றிப் பூசை வைத்தார். லயமே வந்து முழந்தாளிட்டது. நானும் முழந்தாளிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். எதற்கு நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா அதற்குப் பிறகு நெடுங்காலம் வாழ்ந்தார். தோட்டம் விற்றுப் போனபிறகு ஈப்போவுக்கு வந்து என்னோடுதான் இருந்தார். எங்கள் பிள்ளைகளையும் விரட்டி விரட்டித்தான் வளர்த்தார். வருஷா வருஷம் டிசம்பரில் நன்றிப் பூசைக்குத் தானே போய்ச் சொல்லிவிட்டு வருவார், மழையானாலும் குடையைப் பிடித்துக்கொண்டு. கடைசியில் படுக்கையில் விழுந்த நாட்களில் ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வருஷம் எனக்குப் புத்தி சரியில்லாமப் போச்சு பாப்பா. சின்னப் புள்ளைங்க, ரொம்ப பயந்திருப்பீங்க. மனசுல வச்சுக்காத."

"இல்லம்மா. ஒங்களுக்கு ஒன்னுமே இல்லம்மா அப்ப. நீங்க எங்ககூட இருந்தீங்க. அவ்வளவுதான். அதுதாம்மா எங்களுக்கு நல்ல நாளு."

அம்மா என்னைப் பார்த்தார். நோயாளியின் மனம் நோகக் கூடாது என்று பேசுகிறவளைப் பார்ப்பது போல, கொஞ்சம் பரிதாபமாக. என் புறங்கையைத் தட்டிக்கொடுத்தார். "சரி, சரி. போயி வேலையப் பாரு. நேரமாவுது" என்றார். நான் எவ்வளவோ சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்பாமலேதான் போனார். அதுதான் என்னால் தாங்க முடியாதது. அவர் போனது இல்லை.

போன டிசம்பரில் கோவில் ஆபீசுக்கு நான் போனேன். அம்மா வைத்த பூசையை விட மனமில்லை. அங்கே இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது.

"எதுக்குப் பூசை ஆண்ட்டி?"

"நன்றிக்கு. எங்கம்மாவுக்குச் சுகமில்லாம இருந்ததுக்கு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சுகமானதுக்குத்தானே?"

"இல்லம்மா. சுகமில்லாம இருந்ததுக்கு."

அவள் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பெரியம்மா பார்த்தது அதுதான். "பின்னால ஆளுங்க நிக்கிறாங்க ஆண்ட்டி. சுகமானதுக்குன்னே போட்டுடுறேன்லா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் அப்படியே வாசித்தார். பூசை முடிந்து எல்லாரும் காருக்கு ஓடினார்கள். வெளியே நல்ல மழை. நான் எழுந்திருக்கவில்லை. கையை மடியில் போட்டுக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேரன் வந்து, "பாட்டி, போலாமா? டாடி வெயிட் பண்றாரு" என்றான்.

"கொஞ்சம் இருப்பா."

"எதுக்கு?"

"சும்மா."

அவனுக்கு அது என்னவென்று புரிந்திருக்காது. ஆனாலும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து என் தோளில் சாய்ந்துகொண்டான். வெளியே அவன் அப்பா ஹாரன் அடித்தான். இரண்டு பேரும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் பேரன் என் காதைப் பிடித்து மடக்கினான்.

"பாட்டி, இங்க ஒரு மச்சம் இருக்கு. இது எப்ப வந்துச்சு?"